கீரிக்குப் பகல் ஷிஃப்ட், எலிக்கு நைட் ஷிஃப்ட்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பயிரைக் காக்க வேற்றிடத்து உயிர்களைக் கொண்டுவந்து விடுவது வரமா, வம்பா? வம்புதான் என்கிறது எங்கள் அணி.

நேரே கதைக்கு வருகிறேன். 1872இல் நம் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறின. கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை. 1883இல் அங்கிருந்து 72 கீரிகள் ஹவாய்க்கு. அங்கேயும் கரும்பு, அங்கேயும் எலி. கீரி காலையில் எழுந்து தோட்டத்தைச் சுற்றுகிறது. எலி எங்கே? வளையில் தூங்குகிறது. பொழுது சாய்ந்து கீரி படுத்ததும் எலி எழுந்து வந்து கரும்பைக் கடிக்கிறது. நம் வீடுகளில் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், அம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், இருவரும் முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். கீரிக்கும் எலிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை ஐயா! ஆனால் பசி லீவு போடுமா? தரையில் கூடு கட்டும் ஹவாய் வாத்தான நேனேயின் முட்டை போயிற்று, குஞ்சும் போயிற்று.

எனக்கு முன் பேசிய தம்பி, "இவர் கீரிக் கதை சொல்வார், மரவள்ளி விவசாயி வயிற்றைப் பற்றிப் பேசமாட்டார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பேசுகிறேன் தம்பி. மாவுப்பூச்சி விழுந்து மரவள்ளிக் குருத்து முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். அதை ஒழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த கடுகளவு குளவி, மாவுப்பூச்சி உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, காய்ந்த தோலில் ஓட்டை போட்டு வெளியே வரும். அந்தப் பூச்சியை விட்டால் அதற்கு வேறு பிழைப்பே இல்லை. அதைக்கூடத் தனியாக அடைத்து வைத்துச் சோதித்த பிறகுதான் 2022இல் வயலில் விட்டார்கள். பெண் கொடுக்கவே நாலு இடத்தில் விசாரிக்கிறோமே, கீரியைப் பற்றி ஒரு இடத்திலாவது விசாரித்தார்களா?

சரி, அதை விடுங்கள். பசிபிக் கடலில் தாகித்தி பக்கத்துத் தீவுகளில் மரத்தில் வாழும் சின்ன நத்தைகள் இருந்தன. விரல் நகம் அளவு. அந்த ஊர்ப் பெண்கள் அவற்றின் ஓடுகளைக் கோத்து மாலை செய்வார்கள். பயிரை அழித்த ராட்சத ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று 1970களில் தொடங்கி ஓநாய் நத்தை என்ற வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெரியதை விட்டுவிட்டு இந்தச் சின்னதுகளைத் தின்று தீர்த்தது. ஓர் இனத்தின் கடைசி ஒற்றை நத்தை 1996இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்தது. துணைக்குத் தன் இனத்தில் ஒன்றுகூட இல்லாமல், தன் இனம் வாழ்ந்த மரம் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்க, ஒரு பெட்டிக்குள். அம்மா கழுத்தில் கிடந்த அந்த மாலையைத் தொட்டு, "இந்த நத்தை எந்த மரத்தில் இருக்கும்மா?" என்று மகள் கேட்டால் அந்தத் தாய் எந்த மரத்தைக் காட்டுவாள், நடுவர் அவர்களே?

நன்றி, வணக்கம்.