அந்த மூன்று பக்க பில்லை வாசிக்கச் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே, வணக்கம்.

"வெளிநாட்டுப் பயணத்தின் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரிய செலவா, சில்லறைச் செலவா?" இதுதான் தலைப்பு. சில்லறைச் செலவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் விமான டிக்கெட்டையும் ஓட்டல் வாடகையையும் பூதம் மாதிரி வரைந்து காட்டினார். "காபிக் காசை எண்ணுகிறவன் ஊர் சுற்றவே போகக் கூடாது" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். வாங்கட்டும். வெளிநாட்டில் அவருக்கு அது கூட இலவசமாகக் கிடைக்காது.

டிக்கெட் பெரிய செலவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எது பெரியது என்று தலைப்பு கேட்கவில்லையே, எது கவிழ்ப்பது என்றுதானே கேட்கிறது? டிக்கெட் வாங்குவதற்கு எத்தனை நாள் உட்காருகிறோம்! வாரக் கடைசியில் போனால் எவ்வளவு, நடு வாரத்தில் எவ்வளவு, இடையில் ஓரிடத்தில் இறங்கி மாறினால் எவ்வளவு என்று வீடே கூடி விவாதிக்கிறோம். கட்டுப்படியானால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் பயணத்தையே தள்ளிப்போடுகிறோம். பட்ஜெட் நோட்டில் முதல் வரியே அதுதான். எழுதி வைத்த செலவு பட்ஜெட்டைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். கவிழ்ப்பது எழுதாமல் விட்டது. நாம் எழுதாமல் விடுவது எதை? "அது என்ன பெரிய காசு" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அதை.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். டிக்கெட் யானை. அது வருவது தெருமுனையிலேயே தெரியும். சில்லறை எப்படித் தின்கிறது என்று கேளுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் போகிறீர்கள். அறை ஓர் இரவுக்கு 200 யூரோ, நான்கு இரவு, 800 யூரோ என்று குறித்துக்கொள்கிறீர்கள். அந்த நகரத்தில் 2024 முதல் சுற்றுலா வரி அறை வாடகையில் 12.5 சதவீதம். இது 200 யூரோவுக்குள் அடங்கியதா, அதற்கு மேலா என்று பார்க்காமல் விட்டால் கிட்டத்தட்ட 100 யூரோ போச்சு. வெனிஸ் 2024 ஏப்ரலில் இருந்து, கூட்டம் மிகுந்த சில நாட்களில், இரவு தங்காமல் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ என்றார்கள். பாலித் தீவில் இறங்கினால் ஆளுக்கு 1,50,000 ரூபியா. தொகையைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அது சில்லறைதான், பூஜ்யங்கள்தான் அதிகம். இதெல்லாம் ரகசியமில்லை, இணையத்தில் பத்து நிமிடம் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் டிக்கெட்டுக்குப் பத்து நாள் தேடுகிற நாம் இதற்குப் பத்து நிமிடம் கொடுப்பதில்லை.

அமெரிக்காவுக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. கடையில் ஒட்டியிருக்கும் விலை வேறு, நீங்கள் கொடுக்கும் விலை வேறு. விற்பனை வரி பெரும்பாலும் கல்லாவில்தான் சேரும், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் 15லிருந்து 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். 40 டாலர் சாப்பாடு என்று மெனுவில் பார்த்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கும்போது 50 டாலரை நெருங்கியிருப்பார். இத்தாலியில் டிப்ஸ் அவ்வளவு கட்டாயமில்லை, நிம்மதி என்று உட்காருவீர்கள். அங்கே பல உணவகங்களில் "கோபெர்த்தோ" என்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் ஏறும். உட்கார்ந்ததற்கு! அதே காபியை நின்றுகொண்டே குடித்தால் பல இடங்களில் விலை குறைவு. கால் வலிக்கும் விலை போட்ட ஒரே நாடு அதுதான் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவின் பல ரயில் நிலையங்களில் கழிப்பறைக்கும் நாணயம் போட வேண்டும். நாலு பேர் குடும்பத்தில் அவசரம் ஒரே நேரத்தில் வராது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது அந்தக் கார்டு மெஷின் மேல்தான், நடுவர் அவர்களே. ஒரு வெளிநாட்டு உணவகத்தில் கார்டைக் கொடுத்தேன். மெஷின் மிகவும் பணிவாகக் கேட்டது: "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" சொந்தப் பணம் என்றதும் எனக்குப் பாசம் பொங்கி, அதையே அமுக்கினேன். ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது. சொந்தப் பணம் என்று அமுக்கினால், மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்கள் வைப்பார்கள். நூற்றுக்கு ஐந்து போல அதிலேயே போய்விடும். உள்ளூர்ப் பணம் என்று அமுக்கியிருந்தால் என் வங்கியின் விகிதத்தில் முடிந்திருக்கும். பத்து நாளில் இருபது தடவை அமுக்கியிருக்கிறேன். ஒரு தடவை கூட அது செலவு மாதிரி தெரியவில்லை.

சரி, எதிரணியின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். சுவிஸ் பிராங்க் கதையைச் சொன்னார்கள். உண்மைதான். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று கட்டிக்காத்து வந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. யூரோவும் பிராங்கும் ஏறக்குறைய ஒரே மதிப்புக்கு வந்துவிட்டன, யூரோவை மாற்றிச் செலவழித்தவருக்கு சுவிஸ் விலையெல்லாம் கூடிப்போனது. "பார்த்தீர்களா, பட்ஜெட் கவிழ்ந்தது" என்றார் எதிரணித் தலைவர். நான் கேட்கிறேன், அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த பயணியைக் கடித்தது எது? மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி முடித்த டிக்கெட்டா? அதை எந்த வங்கியும் தொட முடியாது. கடித்தது அன்று மதியச் சாப்பாடு, டிராம் டிக்கெட், தண்ணீர் பாட்டில். பட்ஜெட்டில் பூட்டு போடாமல் திறந்து கிடந்த பகுதி அது. அந்தக் கதை எங்கள் அணிக்குச் சேர வேண்டியது, வழி தவறி அங்கே போய்விட்டது.

அடுத்து, 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி ஏறக்குறைய ஆறு நாள் முடங்கியதைச் சொன்னார்கள். எரிமலைக்கு யாரும் பட்ஜெட் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படி ரத்தானால் மாட்டிக்கொண்ட பயணிக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் விமான நிறுவனம் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இருக்கிறது. அவர்கள் தராமல் கைக்காசைப் போட்டிருந்தால் ரசீதைக் காட்டித்தான் திரும்பக் கேட்க முடியும். காபிக் காசை எண்ணாதவர் ரசீதை எங்கே வைத்திருக்கப் போகிறார்?

"அப்படியானால் ஒவ்வொரு காசையும் எழுதிக்கொண்டே ஊர் பார்க்கச் சொல்கிறாயா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்கள். இல்லை அம்மா. நான் செய்வது மிகவும் சோம்பேறித்தனமான வேலை. டிக்கெட், அறை, விசா, காப்பீடு எல்லாம் கட்டிய பிறகு மிச்சப் பணத்தை நாட்களால் வகுப்பேன். இறங்கும் நாளுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவது, சிம் கார்டு, ரயில் அட்டைக்கு முன்பணம், பசி மயக்கத்தில் கண்ட இடத்தில் சாப்பிடுவது என்று எல்லாம் அன்றைக்கே வரும். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வைப்பேன். அப்புறம் இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், அன்றைக்கு என்ன போனது என்று பார்ப்பேன். கூடிப்போயிருந்தால் மறுநாள் ஒரு வேளை டாக்ஸிக்குப் பதில் பேருந்து. கடைசி நாளில் கையிலிருக்கும் நாணயங்களை முதலில் செலவழிப்பேன், ஏனென்றால் பணம் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் நோட்டைத்தான் வாங்குவார்கள். என் மேசை இழுப்பறையில் ஐந்து நாட்டு நாணயங்கள் இருக்கின்றன. இந்தப் பாடம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணித் தலைவர் தன் பேச்சின் நடுவே, பயணம் முடிந்து வந்ததும் கார்டு பில் மூன்று பக்கம் வந்தது, நெஞ்சே நின்றுவிட்டது என்றார். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த மூன்று பக்கத்தையும் இந்த மேடையிலேயே அவரை வாசிக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டும் ஓட்டலும் அதில் எத்தனை வரி, மற்றதெல்லாம் எத்தனை வரி என்று நான் இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொள்கிறேன்.