வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. படித்தால் மாற்றம் வருமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன்.

"மென்பொருள் சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 35. எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க வழியில்லை. மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று பகுதிநேர எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு வேலையில் உண்மையிலேயே மாற்றம் வருகிறதா? இல்லை, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் மூன்று எழுத்து மட்டும்தானா? என் வயதில் தொடங்கலாமா?"

வருகிறது. ஆனால் பட்டமளிப்பு நாளில் வருவதில்லை. படிக்கிற அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வருகிறது. அதுவும் சனிக்கிழமை வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை ஆபீஸில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு வருகிறது. பட்டம் கைக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் பலர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். அப்புறம் சில ஆண்டுகள் மாலை வகுப்புகளில் நிதி மேலாண்மைப் பாடமும் எடுத்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

பகுதிநேரம் என்றால் தரம் குறைந்தது என்ற தயக்கம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிடலாம். எம்.பி.ஏ. என்ற பெயரில் ஹார்வர்டு இந்தப் படிப்பைத் தொடங்கியது 1908இல். வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கென்றே சிகாகோ பல்கலைக்கழகம் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது 1943இல். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது எண்பது ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம், நேற்று முளைத்ததில்லை. ஹார்வர்டில் 1920களிலேயே வேரூன்றிவிட்ட கேஸ் முறையையும் நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் சிக்கலை எழுதிக் கொடுத்து, 'இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்' என்று மாணவரைக் கேட்பதுதான் அந்த முறை. முழுநேர மாணவர் அந்த இடத்தில் தான் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். வேலையில் இருப்பவருக்குக் கற்பனை தேவையில்லை. அவருடைய கேஸ் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்காகக் காத்திருக்கிறது.

என்னோடு படித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். பெரிய கம்ப்ரஸர் ஒன்று பழையதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் திரும்பி வந்தது. அந்தக் கோப்பை நானே பார்த்திருக்கிறேன். அழுத்த அளவுகள், அதிர்வு அளவுகள், பழுதுப் பட்டியல் என்று பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் 'ஆகவே உடனடியாக மாற்றப்பட வேண்டும்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய நிதித் தலைவருக்கு அதிர்வு அளவை வைத்து என்ன முடிவு எடுக்க முடியும்?

இரண்டாவது செமஸ்டரில் மூலதன முதலீட்டுக் கணக்கு வந்தது. அன்று வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, என்னையும் விடவில்லை. வகுப்பறையிலேயே உட்கார்ந்து எக்ஸெல்லைத் திறந்தார். புது இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்திலும் பழுதுபார்ப்பிலும் மிச்சமாவது ஆண்டுக்கு 30, ஐந்து ஆண்டுகளுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று ஆண்டு நாலு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. ஆனால் அடுத்த ஆண்டு வரப்போகும் 30, இன்று கையில் இருக்கும் 30 ஆகாது. அந்த நிறுவனம் தன் முதலீட்டுக்கு 12 சதவீதமாவது எதிர்பார்க்கிறது என்று வைத்தால், முதல் ஆண்டின் 30க்கு இன்றைய மதிப்பு 26.8; ஐந்தாம் ஆண்டின் 30க்கு வெறும் 17. ஐந்தையும் கூட்டினால் 108 வருகிறது. 100 போட்டு இன்றைய மதிப்பில் 108 எடுக்கிறோம், ஆகவே செய்யலாம். போட்ட 100 போக மிஞ்சும் இந்த 8ஐத்தான் நிகர நிகழ்கால மதிப்பு என்கிறார்கள். கூடவே, மிச்சம் 30க்குப் பதில் 27 ஆகக் குறைந்தால் தொகை 97க்கு இறங்கிவிடும், அப்போது நஷ்டம் என்பதையும் அவரே ஒரு வரியில் எழுதினார். தன் கோரிக்கையின் பலவீனத்தைத் தானே காட்டினார். ஒரே ஒரு பக்கம். நாலாவது முறை அது போனபோது, நிதித் தலைவர் அவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இயந்திரம் வந்தது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து மற்றப் பிரிவுகளின் முதலீட்டுக் கோரிக்கைகளும் 'இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று அவர் மேசைக்கு வர ஆரம்பித்தன. படிப்பு முடிவதற்குள் ஆலையின் திட்டமிடல் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. பட்டச் சான்றிதழை அவர் வாங்கியது அதற்கும் எட்டு மாதம் கழித்துத்தான்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். சோதனைப் பிரிவிலிருந்து மேலிடத்துக்குப் போகும் செய்தி பெரும்பாலும் எப்படி இருக்கும்? 'இன்னும் நானூறு சோதனைகள் பாக்கி, இரண்டு வாரம் வேண்டும்.' கேட்பவருக்கு இது தாமதம் என்று மட்டும்தான் காதில் விழும். அதையே நீங்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். 'இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் இழப்பு இவ்வளவு. தள்ளாமல் வெளியிட்டு, கட்டணம் செலுத்தும் பகுதியில் பிழை வந்தால் இழப்பு இவ்வளவு, அது வர வாய்ப்பு இவ்வளவு. ஆகவே கட்டணப் பகுதியை மட்டும் நாலு நாள் சோதித்துவிட்டு மற்றதை வெளியிடலாம்.' இப்படிச் சொல்பவரைச் சோதனையாளராக மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று பதினோரு ஆண்டு அனுபவம் உங்களுக்குச் சொல்லும். அந்தப் பிழையின் விலை என்ன என்று கணக்குப் போட எம்.பி.ஏ. கற்றுக்கொடுக்கும். இரண்டும் ஒரே தலைக்குள் இருப்பது அரிது. உங்கள் மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

சரி, எந்த மாற்றத்துக்கு இது உதவும், எதற்கு அவ்வளவாக உதவாது? இதைச் சேர்வதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். அதே துறையில் மேலே போவதற்குப் பகுதிநேரப் படிப்பு மிகவும் பொருத்தம். அதே நிறுவனத்துக்குள் பிரிவு மாறுவதற்கும், அதாவது நீங்கள் சோதனையிலிருந்து, மென்பொருளில் என்னென்ன வசதி வர வேண்டும் என்று முடிவு செய்யும் தயாரிப்பு மேலாண்மைக்குப் போவது மாதிரி, நன்றாகவே உதவும். உங்களை ஏற்கெனவே நம்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மென்பொருளை விட்டு முதலீட்டு வங்கிக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ ஒரேயடியாகத் தாவ வேண்டும் என்றால், முழுநேரப் படிப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தத் துறைகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் கோடைக்காலப் பயிற்சி வழியாக. வேலையில் இருப்பவரால் இரண்டு மாதம் வேறு இடத்தில் போய்ப் பயிற்சி எடுக்க முடியாது. சில கல்லூரிகளில் வளாக வேலைவாய்ப்புச் சேவையே பகுதிநேர மாணவர்களுக்கு முழுமையாகத் திறந்திருக்காது. சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் நேரம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எம்.பி.ஏ. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஆம்பா என்ற அமைப்பு, 1967இல் பிரிட்டனில் தொடங்கியது, ஒரு எம்.பி.ஏ.வுக்கு மொத்தம் 1800 மணி நேர உழைப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து. இரண்டு ஆண்டில் முடிக்கிறீர்கள் என்றால் வாரத்துக்குப் பதினேழு மணி நேரம். மூன்று ஆண்டு என்றால் பதினொன்றரை. முழுநேர வேலைக்கு மேல் வாரம் பதினேழு மணி நேரம் என்பது வேலை நாட்களில் தினமும் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் மூன்றரை மூன்றரை. கையில் குழந்தையோ, கவனிக்க வேண்டிய பெற்றோரோ இருந்தால் மூன்று ஆண்டுத் திட்டத்தை எடுங்கள். ஓராண்டு கூடுதலாவதால் எதுவும் கெட்டுவிடாது. பாதியில் விட்டவர்களில் நான் பார்த்தவர்கள் யாரும் அறிவுக் குறைவால் விடவில்லை. முதல் ஆண்டின் உற்சாகம் வற்றிப்போய், மூன்றாவது செமஸ்டரில் உடம்பும் வீடும் ஒன்றாக மறுத்த நேரத்தில்தான் விட்டார்கள்.

அதனால், சேரும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 'நான் படிக்கப் போகிறேன்' என்று அறிவித்தால் போதாது. எந்தெந்த மாலைகளில் நான் இருக்க மாட்டேன், அந்த வேலைகளை யார் பார்ப்பது, எந்த ஒரு நாளைப் படிப்பு தொடவே கூடாது என்று நாட்காட்டியை வைத்துக்கொண்டு பேசுங்கள். என் வீட்டில் ஞாயிறு மாலையைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். தேர்வுக்கு முந்தைய நாள் ஞாயிறாக வந்தபோதுகூட அதைக் காப்பாற்றினோம். அந்த ஒரு மாலைதான் மற்ற ஆறு நாட்களையும் தாங்கியது.

மேலாளரிடமும் சொல்லிவிடுங்கள். வேலையை விட்டுப் போகத்தான் படிக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் வகுப்பில் படிப்பதை ஆபீஸில் போட்டுப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். மேலாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'சார், இந்த செமஸ்டரில் செயல்பாட்டு மேலாண்மைப் பாடம் இருக்கிறது. நம்ம பிரிவில் எந்தச் சிக்கலை நான் ப்ராஜெக்டாக எடுத்தால் உங்களுக்குப் பயன்படும்?' இப்படிக் கேட்டு முகம் சுளித்த மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. நிறுவனம் கட்டணத்தில் பங்கு தருவதாகச் சொன்னால் நல்லது. ஆனால் எத்தனை ஆண்டு இருந்தாக வேண்டும், முன்பே போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரிகளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் நாட்டின் உயர்கல்வி ஆணையம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். முழுநேர மாணவருக்கும் உங்களுக்கும் ஒரே பட்டமா, அதே ஆசிரியர்கள்தான் வருகிறார்களா என்று அடுத்துக் கேளுங்கள். உலக அளவில் ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, ஈக்விஸ் ஆகிய மூன்று அங்கீகாரங்களைப் பெரிதாகப் பேசுவார்கள். இருந்தால் நல்லது. ஆனால் என்னைக் கேட்டால், பக்கத்தில் உட்காரப்போகிறவர்கள் யார் என்று கேட்பது அதைவிட முக்கியம். என் குழுவில் ஒரு மருத்துவமனை நிர்வாகி, ஒரு வங்கிக் கடன் அதிகாரி, சரக்குப் போக்குவரத்தில் ஒருவர், அந்தப் பராமரிப்புப் பொறியாளர், நான். லாபம் காட்டும் நிறுவனம் சம்பளம் போடப் பணமில்லாமல் எப்படித் திணறும் என்பது எனக்குப் பாடப் புத்தகத்தில் புரியவில்லை. சரக்கு எடுத்தவர்கள் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருகிறார்கள், நாம் வாங்கியதற்கு முப்பது நாளில் கொடுக்க வேண்டும், நடுவில் அறுபது நாள் பள்ளம் என்று அந்தக் கடன் அதிகாரி ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். இன்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும்போது என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது. எல்லோரும் ஒரே துறையிலிருந்து வரும் வகுப்பில் இது கிடைக்காது.

கடைசியாக வயது. 35 என்று தயங்குகிறீர்கள். நான் சொன்ன அதே ஆம்பா, எம்.பி.ஏ.வில் சேர்பவர்களிடம் குறைந்தது மூன்று ஆண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்க்கிறது. அனுபவம் இல்லாதவருக்குப் பாடத்தைப் போட்டுப் பார்க்க இடமே இருக்காது என்பதுதான் காரணம். உங்களிடம் பதினொன்று இருக்கிறது. என் வகுப்பில் மிக மூத்தவருக்கு வயது 47. முதல் வாரம் புள்ளியியல் பாடத்தில் திணறிப்போய், என்னிடம் கால்குலேட்டரை நீட்டி வர்க்கமூலம் எந்தப் பொத்தான் என்று கேட்டார். மனிதவளப் பாடத்தில் ஆட்குறைப்பு பற்றிய விவாதம் வந்த அன்று, தன் கையால் பன்னிரண்டு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்த நாளைப் பற்றி அவர் பேசினார். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மாணவர்களின் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். தொடங்குங்கள். சேர்ந்த பிறகு, முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தை உங்கள் பிரிவில் போட்டுப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.