சாராள் அன்னைக்கு எங்க இருந்தாங்க?

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர்கள் பைபிள் கதையை வளர்த்தாங்களா, வளைச்சாங்களா? நான் வளர்த்தாங்கன்னு பேச வந்திருக்கேன். எதிரணி சார், மூலத்துல இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்தாலும் திரிபுதான்னு சொல்லிட்டுப் போனாரு. சரி, மூலத்தையே எடுப்போம் சார்.

பைபிளோட முதல் புஸ்தகமான ஆதியாகமம், 22ஆம் அதிகாரம். ஆபிரகாம் விடியக்காலையில எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டி, விறகு பிளந்து, கடவுள் சொன்னாருன்னு மகன் ஈசாக்கை பலி கொடுக்கக் கூட்டிட்டுப் போறாரு, கடைசி நேரத்துல கடவுளே தடுத்துடுறாரு. மொத்தம் 19 வசனம், அதுல பெத்த அம்மா சாராள் பேரு ஒரு தடவைகூட வரல. 90 வயசுல பெத்த பிள்ளைங்க அது! அடுத்த அதிகாரத்தைத் திறந்தா அவங்க ஆயுசு 127ன்னு கணக்கு சொல்லிட்டு, இறந்துட்டாங்கன்னு முடிச்சிடுது.

அன்னைக்கு அந்த வீட்டுல என்ன நடந்துச்சு? யூத மத போதகர்களான ரபிமார்களும் இதைக் கேட்டாங்க, சாராள் இறந்ததுக்கும் அந்தப் பலிக்கும் முடிச்சுப் போட்டுக் கதை சொன்னாங்க. சிரியா பக்கத்துப் பழைய மொழியான சுரியானியில பேரு தெரியாத ஒரு கிறிஸ்தவக் கவிஞர் சாராளையே பேச வச்சாரு. எதுக்கு இப்ப கத்தி தீட்டுறீங்க, என்கிட்ட எதை மறைக்கிறீங்கன்னு புருஷனைக் கேக்குறாங்க. ஆபிரகாம் திரும்பி வந்தப்போ மகனை வெளியில நிறுத்திட்டு தனியா உள்ள போறாரு, பிள்ளை போயிட்டான்னே சாராள் நம்பி, ஒரு கழுகா இருந்திருந்தா பறந்து போய் அந்த இடத்தையாவது பார்த்திருப்பேனேன்னு அழுறாங்க, அப்புறம்தான் ஈசாக்கு உள்ள நுழையுறான். இதைப் படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது நடுவர் அவர்களே, இதுல ஆதியாகமத்தோட எந்த வசனம் சார் உடைஞ்சுது?

இன்னொண்ணும் சொன்னீங்க. 591ல போப் கிரகோரி ஒரு பிரசங்கத்துல, பைபிள்ல தனித்தனியா வர்ற பேரு சொல்லாத பாவியான பெண், பெத்தானியா ஊர் மரியாள், இயேசுவோட சீஷி மகதலேனா மரியாள் மூணு பேரையும் ஒரே ஆளாக்கிட்டாரு, மகதலேனா மேல காலாகாலத்துக்கும் பழி விழுந்துச்சுன்னு. நிஜம்தான், அது வளைச்சதுதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா அந்த ஒரு பிரசங்கத்தை வச்சு 500 வருஷத்து எழுத்தையே தள்ளுறது நியாயமா?

அந்தக் காலத்துல எத்தனை பேருக்கு சார் படிக்கத் தெரியும், கையில யாருகிட்ட புஸ்தகம் இருந்துச்சு? 373ல எடெஸ்ஸா நகரத்துல இறந்த எஃப்ரேம்ங்கிற சுரியானிக் கவிஞர், பைபிள் கதையைப் பாட்டா எழுதி பெண்களைப் பாட வச்சாரு. கோயில்ல கேட்டதை அந்தப் பொம்பளைங்க வீட்டுக்கும் கொண்டு போயிருப்பாங்கல்ல? கான்ஸ்டான்டிநோபிள்ல 6ஆம் நூற்றாண்டுல ரொமானோஸ்ங்கிற கவிஞர் கிரேக்கத்துல எழுதுன பாட்டைப் பாருங்க. சிலுவைக்குப் போற மகனுக்குப் பின்னாடியே இயேசுவோட அம்மா மரியாள் ஓடுறாங்க, ஏம்ப்பா இவ்வளவு வேகமா போற, கானாவுல மறுபடி கல்யாணமா, திரும்பவும் தண்ணியைத் திராட்சரசம் ஆக்கப் போறியான்னு கேக்குறாங்க. இயேசு தண்ணியைத் திராட்சரசம் ஆக்குன கானா ஊர்க் கல்யாணமும் பைபிள்ல இருக்கு, சிலுவையும் இருக்கு, நடுவுல அந்த அம்மா ஓடுன தூரத்தை மட்டும்தான் ரொமானோஸ் எழுதினாரு.

அதையும் வளைச்சதுலயே சேர்க்கணுமான்னு நடுவர் அவர்கள்தான் சொல்லணும். வணக்கம்.