நடுவில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் ஒரு சிறுமி 'பாட்டி வீடு' என்ற தலைப்பில் மூன்றே வரி எழுதிக்கொண்டு வந்தாள். "நான் பாட்டி வீட்டுக்குப் போனேன். ஆடு குட்டி போட்டது. நான் மகிழ்ச்சி அடைந்தேன்." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருக்கலாம். ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது அவள் தன் தோழியிடம் அதே ஆட்டைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது. நல்ல மழையாம், கரண்ட் இல்லையாம், பாட்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாராம், பிறந்த குட்டி நடுங்கியதாம், பழைய புடவையால் துடைத்துவிட்டாராம். இதில் ஒன்றுகூட நோட்டுக்கு வரவில்லையே!

வராததற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வாயில் 'பெஞ்சுச்சு' என்று வருவது நோட்டில் 'பெய்தது' ஆக வேண்டும். அதை யோசிப்பதற்குள் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. அப்புறம் பயம். நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போனது என்று தெரிந்தாலும் சேர்க்க இடம் இல்லை. அடித்து எழுதினால் நோட்டு அசிங்கமாகிவிடும், முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொல்வோம். 'திரும்ப எழுது' என்பதை நாம் தண்டனையாகவே வைத்திருக்கிறோம். அதனால் பிள்ளைகள் முதலிலேயே சுருக்கமாக எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

செல்போனும் கம்ப்யூட்டரும் வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது இந்த இரண்டு இடங்களில்தான்.

மறுநாள் என் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, "நேத்து அவகிட்ட சொன்னியே, அதை அப்படியே இதுல சொல்லு" என்றேன். சொன்னாள். பிறகு போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். கொஞ்சம் கேட்பாள், நிறுத்துவாள், எழுதுவாள், திரும்பக் கேட்பாள். சொல்ல வந்தது மறந்துவிடுமோ என்ற கவலை இப்போது இல்லை, அது போனில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே 'பெஞ்சுச்சு' என்பதை எப்படி எழுதுவது என்று நிதானமாக யோசிக்க முடிந்தது. மூன்று வரி அன்றைக்குப் பதினொரு வரியானது.

அதைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் பழக்குவதில்லை. தமிழில் எழுத ஆங்கிலத்தில் யோசிப்பது வீண் சுற்று. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைத்தான் பழக்குகிறேன். 'கொட்டகை' என்ற சொல்லையே பாருங்கள். க, ஒ, ட, ட, க, ஐ. ஆறே விசைகள். க-வுக்குப் பின் ஒ-வைத் தட்டினால் 'கொ' வந்துவிடும். ட-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ட-வுக்குப் புள்ளி தானாக விழும். கையால் எழுதும்போது ஒற்றைக் கொம்பு, க, கால் என்று வடிவத்தின் வரிசையில் போகிறோம். இங்கே காதில் கேட்கும் ஒலியின் வரிசையில் போகிறோம். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கரும்பலகையில் பல நாள் விளக்கியும் புரியாத ஒரு பையன், திரையில் அது சேர்வதைப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா டீச்சர்" என்றான்.

அந்தச் சிறுமி முழுவதையும் அடித்து முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு நடுவில் போய் ஒரு வரியைச் சேர்த்தாள். "குட்டியின் காது ஈரத்தில் வெற்றிலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது." மற்ற வரிகள் தாமாகவே விலகி அதற்கு இடம் கொடுத்தன. அடித்தல் இல்லை, திட்டு இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பேசினால் எழுதித் தரும் வசதியைக் கூகுள் 2017-இல் தமிழுக்கும் கொண்டுவந்தது. பென்சில் பிடிக்கக் கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு அது பெரிய வரம், தாராளமாகக் கொடுங்கள். மற்றவர்களுக்கு அதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு பத்தியைப் போனிடம் படித்துக் காட்டி, போன் எங்கெல்லாம் ல, ள, ழ-வில் தடுமாறியிருக்கிறது என்று தேடச் சொல்வேன். தன் பிழையைக் காட்டினால் முகம் வாடும் பிள்ளைகள், மெஷினின் பிழையைக் கண்டுபிடிக்கப் போட்டி போடுவார்கள்.

ஆனால் தலைப்பைக் கொடுத்தால் முழுக் கட்டுரையும் எழுதித் தரும் செயலிகளைத் தொடக்கப் பள்ளிக்குள் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்டால் ஆட்டுக்குட்டியைப் பற்றி அழகாகவே எழுதித் தரும். பாட்டி தலையில் போட்டுக்கொண்ட சாக்கு அதில் இருக்காது. அதே காரணத்துக்காகத்தான், போனில் அடுத்த சொல் இதுவா என்று எடுத்துக்கொடுக்கும் வசதியையும் நிறுத்தி வைக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கருவி வேண்டுமே என்று கேட்பீர்கள். எனக்கு இருப்பது ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, நாளுக்கு ஒரு குழு. மற்றவர்கள் அந்த நேரத்தில் நோட்டில் எழுதுவார்கள். இன்னொன்றையும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் குரல் பதிவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். எழுதி முடித்ததும் அழித்துவிடுங்கள். வீட்டு விஷயங்களை எல்லாம் நம்மை நம்பித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் திருத்திய கதையைக் கையால் நோட்டில் எழுத வைக்கிறேன். கையெழுத்துப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது. அந்தச் சிறுமியின் ஆட்டுக்குட்டிக் கதை இப்போது நோட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. 'மகிழ்ச்சி அடைந்தேன்' என்ற வரியை அவளே எடுத்துவிட்டாள்.

நன்றி. வணக்கம்.