எருதுக்கு வைக்கும் கணக்கு

(கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வெயிலில் காத்திருக்கும் பிள்ளைகளே,

தடகளம் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. தை பிறந்தால் எருது விடுகிறோம். குறித்த தூரத்தை எது எத்தனை விநாடியில் கடந்தது என்று மைக்கில் சொல்கிறார்கள். இம்மியளவு பிந்தினாலும் பரிசு போச்சு. ராத்திரி வரை பேச்சு ஓயாது. அதே கணக்கை மனுசக் காலுக்கு வைத்தால் தடகளம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது விநாடியில் நூறில் ஒரு பங்கில்.

தடத்தில் ஓட்டம்; களத்தில் தாண்டுவதும் எறிவதும். பெரிய மைதானத்தில் தடத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். அந்த ஒரு சுற்றுப் பந்தயத்தைப் பார்க்கும் தாத்தா ஒருவர் நிச்சயம் கேட்பார்: "அந்தக் கடைசிப் பையனை மட்டும் ஏம்பா அவ்வளவு முன்னாடி நிறுத்தி இருக்கீங்க?" நியாயமான கேள்விதான். வெளிப்பாதையில் வளைவு பெரிது. எல்லாரும் ஒரே கோட்டில் கிளம்பினால் எட்டாம் பாதைக்காரன் சுமார் 53 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டிவரும். அதைத்தான் முன்னால் நிறுத்திச் சரிக்கட்டுகிறார்கள்.

400 மீட்டர் வரை அவரவர் பாதையிலேயே ஓட வேண்டும். 800-இல் முதல் வளைவு தாண்டியதும் உள்ளே வரலாம். அப்புறம் முழங்கை இடிதான். நான்கு பேர் நூறு நூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில், 30 மீட்டர் எல்லைக்குள் குச்சி கைமாறாவிட்டால் அணியே வெளியே.

நடைப் போட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிய இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பக் கூடாது. முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மடங்கவும் கூடாது. பஸ் ஸ்டாண்டு வரை அப்படி நடந்து பாருங்கள், தெரியும்.

களத்தில் நீளம், உயரம், மும்முறை, கோலூன்றி எனத் தாண்டுதல் நான்கு. எறிதலும் நான்கு: குண்டு, வட்டு, சங்கிலிக் குண்டு, ஈட்டி. இதில் ஈட்டிக்கு ஒரு கதை உண்டு. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் மைதானமே போதாது! 1986-இல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். முனை சீக்கிரம் கீழே சாய்ந்தது, தூரமும் குறைந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றது இந்தப் புது ஈட்டியில்தான். ஹோனோடு அவரை ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உயரம் தாண்டுதலுக்குத் தூரம் போக வேண்டாம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்.

சரி, நூறு மீட்டர் பிள்ளைகள் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். விசில்காரர் என்னையே முறைக்கிறார். மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.