போற வழியில ஆத்துல எறங்கிக்கலாம் சார்

வணக்கம் நேயர்களே. டூருக்கோ மேட்சுக்கோ புள்ளைங்கள அனுப்பறப்ப வீட்டுக்கு ஒரு ஃபார்ம் வரும்ல, "எனது சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன், அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு, அதுல அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டா தப்பிச்சோம்னு நெனைக்கிற ஹெட்மாஸ்டருங்க இன்னும் இருக்காங்க. நான் பி.டி. வாத்தியாரா இருந்தப்ப அத வாங்கி ஃபைல் பண்ற வேல என் தலையிலதான் விழும். புள்ள வரலாம்னு அப்பா அம்மா சொன்னதுக்கு அது ஆதாரம், அவ்ளோதான். கவனக்குறைவுன்னு கேஸ் ஆச்சுன்னா அந்த பேப்பர் யாரையும் காப்பாத்தாது.

1995ல பஞ்சாப் பதான்கோட் பக்கத்து ஸ்கூல்ல இருந்து பிக்னிக் போன எடத்துல, பியாஸ் ஆத்துல 14 புள்ளைங்க மூழ்கிப் போச்சுங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. டீச்சருங்க அசட்டையா இருந்ததுக்கு ஸ்கூல் நிர்வாகமும்தான் பொறுப்பு, ஒரு குழந்தைக்கு 5 லட்சம்னு ஹைகோர்ட் சொன்ன நஷ்டஈடு சரிதான்னு 2001ல தீர்ப்பாச்சு. கூட்டிட்டுப் போன டீச்சருக்கு கிரிமினல் கேஸ் தனி. கவனக்குறைவால உயிர் போனா, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-ல ஜெயில் ரெண்டு வருஷம் வரைக்கும்தான், இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ல அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம்.

நம்ம ஊருக்கே வாங்க. 2023 பிப்ரவரியில, புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப்பள்ளி பொண்ணுங்க தொட்டியத்துக்கு ஃபுட்பால் ஆட வந்தாங்க. மேட்ச் முடிஞ்சு மாயனூர் கதவணை பக்கம் காவேரியில எறங்குனதுல நாலு பொண்ணுங்க போயிடுச்சுங்க. அடுத்து சஸ்பெண்ட், விசாரணை எல்லாம் நடந்துச்சு, நடந்து என்ன, அந்த வீடுகளுக்கு என்ன திரும்பி வந்துச்சு சொல்லுங்க. கவனிச்சீங்களா, கிரவுண்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. 2014ல ஹைதராபாத் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க 24 பேர இமாச்சல்ல பியாஸ் ஆறு அடிச்சிட்டுப் போனதும் இப்படித்தான், வழியில எறங்கி பாறையில நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, மேல லார்ஜி டேம்ல தண்ணிய தொறந்துட்டாங்க.

இந்த "போற வழியில ஆத்துல எறங்கிக்கலாம் சார், ப்ளீஸ் சார்" இருக்கே, இதுக்கு தலையாட்டாம இருக்கறது லேசுப்பட்ட வேல இல்ல, ஜெயிச்ச டீம் சந்தோஷத்துல கேக்கும், தோத்த டீம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கும், டிரைவரும் நல்ல எடம் சார்னு எடுத்துக் குடுப்பாரு. அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே வண்டி எங்கெங்க நிக்கும், சாப்பாடு எங்க, பாத்ரூம் எங்கன்னு எழுதி ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பிடணும், அதுல இல்லாத எடத்துல வண்டி நிக்கக்கூடாது. பெத்தவங்களும் சும்மா கையெழுத்து மட்டும் போடாம, "நீச்சல் தெரியாது, தண்ணியில எறக்க வேண்டாம்", "வீசிங் இருக்கு, இன்ஹேலர் பேக்ல முன் ஜிப்ல"ன்னு எழுதி விடுங்க. பொண்ணுங்க டீம்னா கூட ஒரு லேடி டீச்சர், இத நான் சொல்லித்தான் தெரியணுமா.

கிரவுண்டுல ஒண்ணே ஒண்ணு சொல்றேன், ஈட்டி. வடலூர்ல 2024ல ஒரு பையன் தலையில பாஞ்சு உயிரே போச்சு. ஒரே பீரியடுல ரெண்டு கிளாஸ விட்டுட்டு இந்தப் பக்கம் கபடி அந்தப் பக்கம் ஈட்டின்னா யார் பாக்கறது? எல்லாரும் எறிஞ்சு முடிக்கணும், வாத்தியார் விசில் அடிக்கணும், அப்புறம்தான் எடுக்கப் போகணும்.

கடைசியா வண்டி. காசு மிச்சம்னு தெரிஞ்சவங்க ஓன் போர்டு வேன வாடகைக்கு எடுக்கறாங்க. சொந்த உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்த வண்டிய வாடகைக்கு ஓட்டுனா, ஆக்சிடென்ட் ஆச்சுன்னா கம்பெனிக்காரன் அதத்தான் மொதல்ல புடிச்சுக்குவான். மஞ்ச போர்டு வண்டியா பாத்து எடுங்க, பர்மிட், எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதின்னு குடுக்கற சர்டிஃபிகேட்), இன்சூரன்ஸ் மூணும் ஜெராக்ஸ் கேளுங்க, "நாளைக்கு தரேன் சார்"னு ஓனர் இழுத்தார்னா அன்னைக்கே வேற வண்டி பாத்துடுங்க. நன்றி, வணக்கம்.