நட்சத்திரத்துக்கு ஒரு கடிகாரம்

வணக்கம் நேயர்களே. மொட்டைமாடியில் படுத்து வானம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இன்று ஏழு மணிக்கு உதித்த நட்சத்திரம் நாளை நான்கு நிமிடம் முன்னதாகவே உதித்துவிடும். ஒரு மாதம் போனால் இரண்டு மணி நேரம். சூரியக் கணக்கில் நாள் என்பது 24 மணி; நட்சத்திரக் கணக்கில் 23 மணி 56 நிமிடம் 4 நொடிதான். பூமி சூரியனையும் சுற்றிவருவதால் வரும் வித்தியாசம் இது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அந்த இரண்டாவது கணக்கில் ஓடும் கடிகாரம் ஒன்றைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

சுவர்க் கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் சிறு குவார்ட்ஸ் துண்டான கிரிஸ்டல் நொடிக்கு 32,768 முறை அதிரும். நமக்கு அது ஏறக்குறைய 32,858 ஆக வேண்டும். முடுக்கிவிட்டெல்லாம் அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே கிரிஸ்டலைத் தொடாதீர்கள், எண்ணும் கணக்கை மாற்றுங்கள். நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,60,00,000 துடிப்பு, என்றால், அத்தனைக்குப் பதில் 1,59,56,313 எண்ணியதும் ஒரு நொடியைக் கூட்டச் சொல்லுங்கள். அந்தக் கடைசி 313-ஐச் சில்லறை என்று விட்டால் நாளுக்கு 1.7 நொடி பிசகும். திரும்பவும் சொல்கிறேன், கிரிஸ்டலைத் தொட வேண்டாம். ஆனால் மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இருப்பது கிரிஸ்டல்தானா என்று பார்த்து வாங்குங்கள். கிரிஸ்டலுக்குப் பதிலாக வைக்கப்படும், துல்லியம் குறைந்த செராமிக் ரெசனேட்டராக இருந்தால் அதன் பிழையே அந்த நான்கு நிமிடத்தை விழுங்கிவிடக்கூடும்.

சரி, ஓடுவது சரியா என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தகரத்துண்டை அசையாமல் பொருத்தி, அதில் ஆணியால் ஒரு துளை போட்டேன். துளை வழியே பார்த்தால் மேற்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல்விளிம்பு. பங்குனி இரவில் திருவாதிரை அங்கே இறங்கும். நம் ஊரில் அது ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குவதால், விளிம்பைத் தொட்டதும் சட்டென்று காணாமல் போகும். அந்தக் கணத்தில் கடிகாரத்தைக் குறித்துக்கொள்வேன். மறுநாள் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் முன்னதாக மறையும். நம் கடிகாரத்திலோ அதே மணி, அதே நிமிடம், அதே நொடி! நடுவில் இரண்டு நாள் மேகம் மூடினாலும் பரவாயில்லை, மூன்றாம் நாளும் அதே எண் வர வேண்டும். அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தக் கருவியாலும் தர முடியாது.

நேரம் முடியப்போகிறது. மணி வைப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக உச்சிவழியே ஓடும் கோட்டைத் திருவாதிரை கடக்கும்போது 5 மணி 56 நிமிடம் என்று வையுங்கள். அப்புறம், இது அந்தந்த ஊர்க் கணக்கு. சென்னையில் வைத்ததைக் கோவைக்குக் கொண்டுபோனால் சுமார் 13 நிமிடம் பின்னுக்குத் தள்ள வேண்டும். வணக்கம்.